எடைக்கு எடை யார் பெரியவர்? வேறு வேறு எடைப்பிரிவுக் குத்துச்சண்டை வீரர்களை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மாலை வேளையில் நடக்கும் ஒரு சிறிய குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் வருகைப் பதிவேடும் எடைப் பதிவேடும் எழுதுவது என் வேலை. நான் பயிற்சி கொடுப்பவன் அல்ல. தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன். பழக வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும், எதிரே டீக்கடையில் உட்காரும் லாரிக்காரர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

“எடைக்கு எடை இவன்தான் பெரிய ஆளுன்னு சொல்றாங்களே, அதென்னங்க எடைக்கு எடை? குருவாயூர் துலாபாரமா?”

துலாபாரம் அல்ல; ஆனால் தராசு என்ற நினைப்பு சரியானதே. துலாபாரத்தில் ஒரு தட்டில் ஆளும் மறு தட்டில் கதலிப்பழமோ சர்க்கரையோ இருக்கும். இங்கே இரண்டு தட்டிலும் ஆட்களே இருக்கிறார்கள். ஒருவர் 50 கிலோ, மற்றவர் 100 கிலோ. இருவரும் ஒரே எடையும் ஒரே உடல்வாகும் உடையவர்களாக இருந்திருந்தால் யாருடைய கலை மேலானதாக இருக்கும் என்று மனத்துக்குள் நிறுத்துப் பார்ப்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘பவுண்ட் ஃபார் பவுண்ட்’ என்கிறார்கள். பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிராம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் எடையெல்லாம் பவுண்டுக் கணக்கில்தான்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: இது நடக்காத போட்டியைப் பற்றிய பேச்சு. நடக்காத போட்டிக்கு முடிவு சொல்ல முடியாது. ஆனால் நடந்த போட்டிகளை வைத்து மதிப்புச் சொல்ல முடியும். பின்னால் வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பற்றியவையே.

“எடைப்பிரிவே எதுக்கு? திறமை இருக்கறவன் யாரை வேணா அடிப்பானில்ல?”

ஓரளவுக்கு அடிப்பான். அந்த அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. நம் ஊர்ப் பக்கக் கபடியிலேயே இத்தனை கிலோவுக்கு உட்பட்டோர் என்று பிரித்துத்தான் போட்டி வைக்கிறார்கள். பிடிப்பதற்கே எடை வேண்டியிருக்கும்போது, குத்துவதற்கும் குத்து வாங்குவதற்கும் வேண்டாமா? கனத்த உடலிலிருந்து வரும் குத்தில் கனம் அதிகம். அதைத் தாங்கும் கழுத்தும் தடிமனாக இருக்கும். இலேசான ஆளின் குத்து எத்தனை சுத்தமாக விழுந்தாலும், கனத்த ஆள் அதை வாங்கிக்கொண்டே முன்னேறி வந்துவிடுவார்.

வித்தியாசத்தைக் கிலோவாகப் பார்க்காமல் விகிதமாகப் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5 கிலோ என்பது 50 கிலோ ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. 100 கிலோ ஆளுக்கு இருபதில் ஒரு பங்கு. ஆகவேதான் கீழ்ப் பிரிவுகள் நெருக்கமாகவும் மேல் பிரிவுகள் அகலமாகவும் அமைந்திருக்கின்றன: தொழில்முறையில் அடிமட்டப் பிரிவு 105 பவுண்டு, அடுத்தது 108, மேலேயோ 175-க்கு அடுத்தது 200.

“மொத்தம் எத்தனை பிரிவுங்க? பெரியவங்க எட்டுங்கறாங்க, பசங்க பதினேழுங்கறாங்க.”

இரண்டு பேர் சொல்வதும் சரி, காலம்தான் வேறு. பழைய கணக்கில் எட்டுப் பிரிவுகள்: ஃப்ளைவெயிட் 112 பவுண்டு, பாண்டம்வெயிட் 118, ஃபெதர்வெயிட் 126, லைட்வெயிட் 135, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160, லைட் ஹெவிவெயிட் 175, அதற்கு மேல் வரம்பில்லாத ஹெவிவெயிட். பிறகு இடையிடையே சூப்பர், ஜூனியர் என்ற பெயர்களில் பிரிவுகள் செருகப்பட்டுப் பதினேழாயின. உலக அமைப்புகளில் சில, ஹெவிவெயிட்டுக்குக் கீழே பிரிட்ஜர்வெயிட் என்று 224 பவுண்டில் இன்னொன்றையும் வைத்திருக்கின்றன.

இதோடு டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள் தனித்தனியே பட்டம் கொடுக்கின்றன. முன்பு உலகத்தில் எட்டுச் சாம்பியன்கள் இருந்த இடத்தில் இன்று ஒரே நேரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பட்டங்களுக்கு இடமுண்டு. ‘இத்தனை பிரிவில் சாம்பியன்’ என்று யாராவது சொன்னால், எந்தக் காலத்தில் என்று முதலில் கேளுங்கள்.

“இந்தப் பேச்சை முதல்ல யாருக்காகக் கொண்டு வந்தாங்க?”

சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. ஆனால் அதை ஊரறியச் செய்தவர் சுகர் ரே ராபின்சன். 1946 முதல் 1951 வரை வெல்டர்வெயிட் சாம்பியன். 1951 பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவை வீழ்த்தி மிடில்வெயிட் பட்டம். அந்த மிடில்வெயிட் பட்டத்தை மட்டும் மொத்தம் ஐந்து முறை வென்றார். அந்தக் காலத்தில் பணமும் கூட்டமும் ஹெவிவெயிட் பக்கமே இருந்தன. ராபின்சன் ஹெவிவெயிட் சாம்பியனை வெல்ல முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கைவேகம், கால்நகர்வு, இரண்டு கையிலும் ஒரே மாதிரி அடிக்கும் வல்லமை ஆகியவற்றில் அவருக்கு ஈடான ஹெவிவெயிட் ஒருவரும் இல்லை என்பதும் தெரியும். அந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது.

“அந்தப் பட்டியலை யார் போடறாங்க? அதுக்கும் பெல்ட் உண்டா?”

பெல்ட் கிடையாது. நான்கு அமைப்புகளும் எடைப்பிரிவுக்குள் பட்டம் தருகின்றனவே தவிர, பிரிவு தாண்டிய பட்டம் எதுவும் இல்லை. 1922-இல் தொடங்கிய ‘தி ரிங்’ இதழ் 1980-களின் இறுதியிலிருந்து முதல் பத்துப் பேரின் பட்டியலை வெளியிட்டு வருகிறது; தொடக்கத்தில் அதன் உச்சியில் இருந்தவர் மைக் டைசன். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரை வீழ்த்தியதோடு அந்த இடம் போயிற்று. வேறு ஊடகங்களும் சொந்தப் பட்டியல் போடுகின்றன. எல்லாமே சிலர் உட்கார்ந்து பேசி வாக்களிப்பவைதான்; அதனால் ஒன்றில் முதலிடத்தில் இருப்பவர் இன்னொன்றில் மூன்றாவதாக இருப்பது ஊழல் அல்ல, கருத்து வேறுபாடு.

“சுத்தி வளைக்காதீங்க. இனோவேயும் உசிக்கும் மோதினா யார் ஜெயிப்பா?”

உசிக். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஜப்பானின் நவோயா இனோவே சூப்பர் பாண்டம்வெயிட் சாம்பியன் ஆனபோது அந்தப் பிரிவின் வரம்பு 122 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 55 கிலோ. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 2024 டிசம்பரில் டைசன் ஃப்யூரியோடு இரண்டாம் முறை மோதியபோது 226 பவுண்டு, அதாவது 102 கிலோவுக்கும் மேல். எந்த நடுவரும் அப்படி ஒரு போட்டியைத் தொடங்கவே விடமாட்டார்.

கேள்வியை மாற்றிக் கேட்டால்தான் பொருள் வரும். தன் எடையில் இருந்த எதிரிகளைவிட இவர்களில் யார் எவ்வளவு தூரம் மேலே நின்றார்? இனோவே 108 பவுண்டில் பட்டத்தைத் தொடங்கி, 2022 டிசம்பரில் பாண்டம்வெயிட்டிலும் ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் சூப்பர் பாண்டம்வெயிட்டிலும் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாகத் திரட்டினார். பெரும்பாலும் எதிரியை நிற்க விடாமல். உசிக் 2018-இல் 200 பவுண்டு வரம்புள்ள குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் திரட்டிவிட்டு ஹெவிவெயிட்டுக்கு ஏறி, 2024 மே மாதம் அங்கும் அதையே செய்தார். நான் மேலே சொன்ன டிசம்பர்ப் போட்டியில் ஃப்யூரியின் எடை 281 பவுண்டு. தன்னைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதல் கனமுள்ளவரை உசிக் பன்னிரண்டு சுற்றுகளும் நின்று புள்ளிக் கணக்கில் வென்றார். இப்படிக் கேட்டால் எனக்குப் பதில் சொல்வது சிரமம். இன்றைக்குக் கேட்டால் உசிக் என்பேன், அந்த நான்கில் ஒரு பங்குக்காகவே.

“அப்போ எதை வெச்சு மார்க் போடறீங்க?”

முதலில், யாரை வென்றார், எப்போது வென்றார் என்பது. பெரிய பெயரை அவர் தேய்ந்த பிறகு வெல்வதும், உச்சத்தில் இருக்கும்போது வெல்வதும் ஒன்றல்ல. அடுத்தது, வென்ற விதம்: சுற்றுக்குச் சுற்று ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தாரா, அல்லது நடுவர் தாளில் ஒரு புள்ளியில் தப்பித்தாரா? எதிரியின் பாணி மாறும்போது தன் ஆட்டத்தை மாற்றத் தெரிந்தவரா என்பதற்கும் நான் நிறைய இடம் கொடுப்பேன். உயரமானவர், இடதுகைக்காரர், முட்டிக்கொண்டு வருபவர் என எல்லா வகையையும் சந்தித்தவருடைய கணக்கு நம்பத்தக்கது.

எடை ஏறியது இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. பலர் இதையே முதலாவதாக வைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஏன் மாற்றிக்கொண்டேன் என்பது அடுத்த பதிலில்.

“பாக்கியாவோ எட்டுப் பிரிவுல சாம்பியன். அவரைவிட யாருங்க பெரியவர்?”

பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவோ 1998-இல் 112 பவுண்டு ஃப்ளைவெயிட்டில் உலகப் பட்டம் வென்று, 2010-இல் 154 பவுண்டுக்கான பட்டம் வரை எட்டுப் பிரிவுகளில் வென்றவர். அவருக்கு முன் யாரும் செய்யாதது அது. ஆனால் எட்டையும் பிரித்துப் பாருங்கள்: 112, 122, 126, 130, 135, 140, 147, 154. இவற்றில் 122, 130, 140, 154 ஆகிய நான்கும் பழைய எட்டில் இல்லாத, இடையில் செருகப்பட்ட பிரிவுகள். பழைய கணக்கில் அவர் வென்றவை நான்கு. அந்த நான்கிலும் ஃபெதர்வெயிட்டில் அவருக்குக் கிடைத்தது, மேலே சொன்ன நான்கு அமைப்புகளின் பெல்ட் அல்ல. மார்க்கோ அன்டோனியோ பரேராவை வென்றதால் வந்த ‘தி ரிங்’ அங்கீகாரம்.

இப்போது ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட், 1938 மே மாதத்தில் வெல்டர்வெயிட், அதே ஆண்டு ஆகஸ்டில் லைட்வெயிட். பத்து மாதத்துக்குள் மூன்று பட்டங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். எட்டே பிரிவுகள் இருந்த காலத்தில் அது எட்டில் மூன்று. வெல்டர்வெயிட் பட்டத்துக்காக பார்னி ராஸோடு மோதியபோது ஆம்ஸ்ட்ராங்கின் எடை லைட்வெயிட் வரம்பையே தாண்டவில்லை. உடம்பை வளர்த்துக்கொண்டு ஏறியவர் அல்ல அவர். இருந்த உடம்போடு ஏறினார்.

பாக்கியாவோ தொழில்முறைக்கு வந்தது 16 வயதில். ஃப்ளைவெயிட் சாம்பியனான அவர் மறு ஆண்டே அந்த எடைக்குள் வர முடியாமல் தராசிலேயே பட்டத்தை இழந்தார். அதாவது, அவர் ஏறியதில் ஒரு பகுதி பையன் ஆளானதுதான். நம் பதிவேட்டிலேயே பாருங்கள்: பதினாறு வயதில் 48 கிலோ என்று எழுதிய பிள்ளை இருபதில் 60 கிலோ ஆகிறான், அதற்கு யாரும் பெல்ட் கொடுப்பதில்லை. இப்படிச் சொல்வதால் பாக்கியாவோவைக் குறைப்பதாக நினைக்க வேண்டாம். ஆஸ்கர் டி லா ஹோயா, மிகல் கோட்டோ போன்ற இயல்பிலேயே பெரிய ஆட்களை நிறுத்தியவர் அவர். ஆனால் எண்ணிக்கை எட்டு என்பதற்காகவே ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றுக்கு மேல் வைக்க என்னால் முடியவில்லை.

“மேல ஏறிப் போய்த் தோத்துட்டா மரியாதை போயிருமா?”

போகக் கூடாது, ஆனால் எப்படித் தோற்றார் என்பதைப் பார்க்க வேண்டும். 1952 ஜூன் மாதம் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் ராபின்சன் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மேக்சிமை எதிர்த்தார். மேக்சிம் அவரைவிட ஏறக்குறைய பதினைந்து பவுண்டு கூடுதல். வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய இரவு; புழுக்கம் தாங்காமல் பாதியில் நடுவரையே மாற்ற வேண்டியதாயிற்று. பதின்மூன்று சுற்றுகள் முடிந்தபோது புள்ளிக் கணக்கில் ராபின்சனே முன்னால் இருந்தார். பதினான்காவது சுற்றுக்கு எழுந்திருக்க அவரால் முடியவில்லை. ஏட்டில் அது தோல்வி. என் கணக்கில் அவருடைய பெரிய இரவுகளில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்து மார்ச் மாத வெயிலில் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறு மாதிரியும் உண்டு. வெல்டர்வெயிட் சாம்பியனான கெல் ப்ரூக் 2016-இல் இரண்டு பிரிவுகள் தாண்டி மிடில்வெயிட்டின் கெனாடி கொலோவ்கினிடம் போனார். கண்குழி எலும்பு உடைந்து ஐந்தாம் சுற்றில் ஆட்டம் முடிந்தது. தொடக்கத்தில் அவர் நன்றாகவே ஆடினார் என்பதுதான் இதில் பாடம்: திறமை சில சுற்றுகளுக்குக் கைகொடுத்தது, பிறகு கனம் கணக்கைத் தீர்த்தது. எனவே, ஏறியவர் வென்றால் கூட்டிக்கொள்ளுங்கள். தோற்றால் சொந்தப் பிரிவில் சம்பாதித்ததிலிருந்து கழிக்காதீர்கள்.

“ஒரே பிரிவுலயே இருந்துட்டவங்களுக்கு அப்போ மதிப்பில்லையா?”

மார்வின் ஹேக்லர் 1980 முதல் 1987 வரை மிடில்வெயிட் சாம்பியனாக இருந்து பன்னிரண்டு முறை பட்டத்தைக் காத்தார். வேறு பிரிவுக்குப் போகவே இல்லை. மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸ் ஏறக்குறைய தன் முழுக் காலத்தையும் 105 பவுண்டிலேயே கழித்து, 51 வெற்றி, ஒரு சமன் என்ற கணக்கோடு தோல்வியே இல்லாமல் ஓய்ந்தார். சுத்தமான ஆட்டத்துக்கு யாரைப் பார்த்துப் பழகலாம் என்று பிள்ளைகள் கேட்டால் நான் லோபஸைத்தான் காட்டுவேன். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் நிறையப் பேர் என்பது எடையின் பிழை. ஆட்டத்தின் பிழை அல்ல.

“ஹெவிவெயிட்காரங்க ஏன் இந்தப் பட்டியல்ல கம்மி? முகமது அலி எங்கே போனார்?”

இந்த ஒப்பீடே சிறிய ஆட்களுக்கு நீதி செய்யப் பிறந்தது என்பதை ராபின்சன் பற்றிய பதிலில் சொன்னேன். ஹெவிவெயிட் சாம்பியனுக்கு ‘உலகத்திலேயே பலமான ஆள்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மேலும், அவருக்கு ஏறிப்போக மேலே பிரிவு இல்லை. அலி 1980-இல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டியில் இறங்கியவர் என்பதால் நம் மக்களுக்கு அவர்மேல் தனிப் பாசம், எனக்கும் உண்டு. அந்த அலியே தனக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டது ராபின்சனைத்தான்.

“முந்தின நாளே எடை பாத்தர்றாங்க, ராத்திரியில தின்னு ஏத்திக்கறாங்க. அப்போ இந்தக் கணக்கே பொய்தானுங்களே?”

இதைக் கேட்டவர் வாளையார் வழியாக முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எடை மேடையில் ஒரு கணக்கு, சாலையில் வேறு கணக்கு என்பது அவருக்குப் புதிதல்ல. தொழில்முறையில் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கிறார்கள். உடம்பிலுள்ள நீரை வற்றவைத்து வரம்புக்குள் நின்றுவிட்டு, ஒரு நாளில் நீரும் உணவும் ஏற்றி, பல பவுண்டு கூடுதலாகக் களத்தில் இறங்குவது வழக்கம். ஐ.பி.எஃப். மட்டும் நெடுங்காலமாகப் போட்டி நாள் காலையிலும் எடை பார்த்து, வரம்புக்கு மேல் 10 பவுண்டுக்கு மிகாமல் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது.

2014 மார்ச்சில் வாசில் லோமச்சென்கோ தன் இரண்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே ஓர்லாண்டோ சலிடோவோடு ஃபெதர்வெயிட் பட்டத்துக்கு மோதினார். வரம்பு 126, சலிடோ 128-க்கு மேல் நின்றார். மறுநாள் களத்தில் இறங்கியபோது சலிடோ 147 பவுண்டு, லோமச்சென்கோ 136 என்று ஒளிபரப்பில் காட்டினார்கள். ஃபெதர்வெயிட் போட்டி என்று பெயர். ஒருவர் வெல்டர்வெயிட் எடையில் இருந்தார். அதில் லோமச்சென்கோ தோற்றதை மற்றத் தோல்விகளோடு சேர்த்து எண்ணுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

அதனால் கணக்கே பொய் என்று சொல்ல மாட்டேன். பிரிவின் பெயரை நம்பாமல், அன்றிரவு களத்தில் நின்ற உடம்பைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் கூடத்துப் பையன் ஒருவன் ஒரு கிலோ குறைக்க வேண்டி, முந்தைய நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி, தராசில் சரியாக நின்று, இறங்கும்போது மயங்கி விழுந்தான். அன்று எடையை எழுதியவன் நான், எழுதியிருக்கக் கூடாது. அதன் பிறகு உதடு வறண்டு வருகிறவனைத் தராசில் ஏற்றுவதில்லை.

“கேட்ச்வெயிட்டுங்கறாங்களே, அது எந்தப் பிரிவு?”

எந்தப் பிரிவும் அல்ல. இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்ட எடை. பாக்கியாவோ 154 பவுண்டுப் பட்டம் வென்ற போட்டியே 150 என்று பேசி நடந்ததுதான். பெரிய ஆளைக் கீழே இழுத்துப் பலவீனப்படுத்த இது பயன்படுவதால், இப்படி வந்த பட்டத்தை நான் முழுப் பட்டமாக எண்ணுவதில்லை. அன்றிரவு எதிரி அன்டோனியோ மார்கரிட்டோ 165 பவுண்டோடு களத்தில் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

“க்ராஃபோர்ட் கனெலோவை ஜெயிச்சப்புறம் இந்தப் பேச்சு முடிஞ்சிருச்சில்ல?”

2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் டெரன்ஸ் க்ராஃபோர்ட் 168 பவுண்டில் சாவுல் ‘கனெலோ’ அல்வாரெஸை மூன்று நடுவர்களின் கணக்கிலும் வென்றார். 116–112, 115–113, 115–113. க்ராஃபோர்ட் 135 பவுண்டில் முதல் உலகப் பட்டம் வென்றவர். 140, 147, 168 ஆகிய மூன்று பிரிவுகளில் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் திரட்டிய முதல் ஆண் வீரர். 154-இல் ஒரே ஒரு போட்டி ஆடிவிட்டு, 160-ஐத் தாண்டி, நேரே 168-க்குப் போனார்.

பெரிய வெற்றிதான், ஆம்ஸ்ட்ராங்கின் சாயல் அதில் உண்டு. ஆனால் ‘யாரை, எப்போது’ என்ற கேள்வியை மறக்க வேண்டாம். கனெலோ அப்போது 35 வயதுக்காரர். இருபது ஆண்டுகளாகத் தொழில்முறையில் குத்து வாங்கிய உடம்பு. 2022-இலேயே 175 பவுண்டில் திமித்ரி பிவோலிடம் தோற்றிருந்தார். மறுபக்கம், க்ராஃபோர்டுக்கும் அன்று 37 முடிந்து 38 நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் க்ராஃபோர்டைத் தன் தலைமுறையின் முதல் இருவருக்குள் வைக்கிறேன். பேச்சு முடிந்ததா என்றால், எங்கள் டீக்கடையில் முடியவில்லை.

“பளுதூக்கறதுல எடைக்கு ஏத்த மாதிரி ஒரு சூத்திரம் இருக்குன்னு காலேஜ்ல சொன்னாங்க. இங்கயும் போட வேண்டியதுதானே?”

பளுதூக்கலில் சின்க்ளேர் கெழு என்ற ஒன்று உண்டு. தூக்கியவரின் உடல் எடையையும் தூக்கிய கிலோவையும் கொண்டு பிரிவு தாண்டி ஒப்பிட உதவுவது. உடல் எடை இரு மடங்கானால் பலம் இரு மடங்காவதில்லை. தோராயமாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஆகும் என்பது அதன் பின்னணி. தசையின் பலம் அதன் குறுக்களவைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது.

இங்கே ஏன் முடியாது என்பதற்கு நம் ரேக்ளாப் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளலாம். வண்டி தனியாக ஓடுகிறது, கடிகாரம் நேரம் சொல்கிறது; இளங்காளைக்கும் வளர்ந்த காளைக்கும் தூரம் வேறானாலும் எண் என்று ஒன்று கையில் இருக்கிறது. இரும்புத் தண்டும் கடிகாரமும் எதிர்த்து அடிப்பதில்லை. குத்துச்சண்டையில் ஒருவருடைய அளவுகோல் எதிரே நிற்கும் இன்னொரு மனிதர்; அந்த அளவுகோலே போட்டிக்குப் போட்டி நீண்டு குறுகுகிறது. கணினியில் தரவரிசை போடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் அதுவும் யார் யாரை வென்றார் என்பதைத்தான் கூட்டிக் கழிக்கிறது.

“ஒலிம்பிக்ல இந்த மாதிரி ஏதாச்சும் உண்டுங்களா?”

உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக் முதல் வால் பார்க்கர் கோப்பை என்று ஒன்று, எல்லா எடைப்பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்து, மிகச் சிறப்பான ஆட்டத்துக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. முதல் முறை வாங்கிய லூயிஸ் லாரி வெண்கலப் பதக்கக்காரர். 1988 சியோலில் வாங்கிய ராய் ஜோன்ஸ் இறுதிப் போட்டியில் 3–2 என்று தோற்றதாக அறிவிக்கப்பட்டவர். அந்தத் தீர்ப்பைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. அன்று 71 கிலோவில் நின்ற அதே ஜோன்ஸ் 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். ஜோன்ஸ் 193 பவுண்டு, ரூயிஸ் 226. பிறகு பழையபடி 175-க்கு இறங்கியவர் மறு ஆண்டே அன்டோனியோ டார்வரிடம் இரண்டாம் சுற்றில் விழுந்தார். ஏறுவதைவிட இறங்குவது கொடியது என்று எங்கள் பயிற்சியாளர் இதைத்தான் காட்டுவார்.

“அண்ணா, எல்லாம் ஆம்பளைங்க பேராவே வருது. மேரி கோம், நிகத், நம்ம கேரளத்து லேகா, இவங்கள்ல யாரு முதல்ல?”

கேட்ட பிள்ளை 54 கிலோவில் ஆடுகிறாள், குற்றச்சாட்டு நியாயமானது. கண்ணூரைச் சேர்ந்த கே.சி. லேகா 2006-இல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் 75 கிலோவில் தங்கம் வென்றவர். தெலங்கானாவின் நிகத் ஜரீன் 2022-இல் 52 கிலோவிலும் 2023-இல் 50 கிலோவிலும் உலகத் தங்கம் வென்றார். 52 ஒலிம்பிக்கில் இல்லாத பிரிவு என்பதால் 50-க்கு இறங்க வேண்டியிருந்தது. மணிப்பூரின் மேரி கோம் 2002 முதல் 2018 வரை ஆறு உலகத் தங்கங்கள் வென்றவர். எல்லாமே 48 கிலோவுக்கு மேற்படாத பிரிவுகளில்.

ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள். அவற்றில் மிகச் சிறியது 51 கிலோ. 48-லிருந்து 51 என்பது வெறும் மூன்று கிலோ என்று நினைப்பவர்கள், விகிதம் பற்றி இரண்டாவது பதிலில் சொன்னதைத் திரும்பப் படிக்கவும். தன்னைவிட இயல்பில் பெரிய பெண்களோடு ஆடி அங்கே வாங்கிய வெண்கலத்தை, பிரிவு தாண்டிய ஒப்பீட்டில் அவருடைய தங்கங்களில் சிலவற்றுக்கு மேலாகவே வைப்பேன். மூவரில் முதலிடம் மேரி கோமுக்குத்தான். லேகாவின் பெயரை நம் மாவட்டத்துப் பிள்ளைகள்கூட என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பது தனி வருத்தம்.

“நான் 57 கிலோ. டெக்னிக் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. 71 கிலோ அண்ணன்கூட ஒரு ரவுண்டு விடுங்களேன்?”

வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வருகிறது; மேலே உள்ள பெயர்களைப் படித்துவிட்டே வருகிறார்கள். 14 கிலோ என்பது உன் எடையில் நான்கில் ஒரு பங்கு. உசிக் ஃப்யூரியிடம் கொடுத்த இடைவெளி அது; உசிக் அதற்கு முன் ஒலிம்பிக் தங்கமும் குரூசர்வெயிட்டின் எல்லாப் பட்டங்களும் வாங்கியிருந்தார்.

பயிற்சியாளர் அனுமதித்தால், அந்த அண்ணன் ஜாப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) மட்டும், அதுவும் பாதி வேகத்தில் போடுவது என்ற ஏற்பாட்டில், தலைக்கவசத்தோடும் 16 அவுன்ஸ் கையுறையோடும் இரண்டு நிமிடம் விடுவார்கள்; கால்நகர்வு பழக அது நல்லது. அதற்கு முன் என்னிடம் வந்து தராசில் நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, காலையில் தண்ணீர் குடித்துவிட்டு.